ஆறு புள்ளி ஒன்பது

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. திருப்பூரே காலி. சாயப்பட்டறைகளைப் பூட்டிவிட்டு மதுரைக்காரர், பீகார்காரர் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு இந்த ஊரில் வேலை பார்ப்பது நானும் என் பாக்டீரியாக்களும்தான்.

சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட் என்றால், குழாயைத் திறந்து மூடுகிற ஆள் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அழுக்கைத் தின்று தீர்ப்பது தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் பசி உண்டு, மூச்சு உண்டு. பட்டறைகள் மூடியிருந்தால் தின்ன எதுவும் வராது என்பதால் வெல்லம் கரைத்து ஊற்றுவோம். காற்று ஊதுகிற ப்ளோயர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. காலையில் வெல்லத்தை ஊற்றி, தண்ணீரில் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் எண்ணைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

கௌசல்யா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பிள்ளைகள் வெடி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் முடியப் போகிறது.

"தொட்டிக்குப் பலகாரம் குடுத்தாச்சுங்களா? எனக்கு எப்பங்க?" என்றாள்.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் தங்கவேல்தான் எல்லாம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மூன்று தெரு தள்ளி வீடு. இரண்டு தூக்குப் போசி நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாப்ள, வண்டில பெட்ரோல் போட்டு வெச்சிருங்க. எந்நேரம் வேணும்னாலும் வலி வரும்" என்று இருபதாவது முறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மச்சானுக்குத் தும்மல் வந்தாலும் பயம்.

நவம்பர் 14, செவ்வாய்

கோவை ஆஸ்பத்திரி, காத்திருக்கும் அறை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. ரத்தம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, குழந்தைக்கு ரத்தம் போகவில்லை, உடனே வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து எங்கே போட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

பெண் குழந்தை. அழவில்லை. கதவுக்கு வெளியே நின்று அழுகைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். டிராலி உருளும் சத்தம்தான் கேட்டது.

டாக்டரம்மா வெளியே வந்து, பிறந்தபோது மூச்சு இல்லை, இப்போது மெஷின் வைத்துக் கொடுக்கிறோம் என்றார். தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். "பிஹெச் ஆறு புள்ளி ஒம்பதுங்க. லாக்டேட் பதினாறு. மூளைக்கு ஆக்சிஜன் பத்தாம இருந்திருக்கு. கோயமுத்தூர்ல குழந்தையோட உடம்பக் குளிர வெச்சு மூளையைக் காப்பாத்தற வசதி இருக்கு. பொறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கோணும். உடனே கெளம்புங்க."

அவர் சொன்ன மற்ற எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆறு புள்ளி ஒன்பது! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கள் நிலையத்துக்கு வரும் சாயத்தண்ணீர் பத்து, பத்தரை காட்டும். அமிலம் விட்டு விட்டு அதை ஏழுக்குக் கொண்டுவருவதற்குள் உன்னைப் பிடி என்னைப் பிடி என்று ஆகிவிடும். ஆறு புள்ளி ஒன்பது காட்டினால் அன்றைக்கு ஷிப்டில் எல்லோருக்கும் என் செலவில் டீ. லாக்டேட் என்றால் தயிரில் இருக்கிற புளிப்பு. அதில் பயப்பட என்ன இருக்கிறது?

மச்சானிடம் சொன்னேன், நம்பர் அருமையாக இருக்கிறது என்று. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த கௌசல்யாவிடம் போய், "நல்ல நம்பர் அம்மிணி, ஒண்ணும் பயமில்ல, தூங்கு" என்றேன்.

கிளம்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. தீபாவளி லீவு. ஆம்புலன்ஸ் டிரைவர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள் அல்லவா? கோவை வந்து சேர்ந்தபோது ஆறு மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. ஆனால் பாக்கி இருந்தது. அதுதான் முக்கியம்.

இங்கே டாக்டர் ரெஜினா. ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிறார். குழந்தையை வாங்கியதும் துணியெல்லாம் எடுத்துவிட்டு, குளிர்நீர் ஓடும் மெத்தையில் கிடத்தினார்கள். மூன்று நாள் அப்படியே இருக்க வேண்டுமாம். "பிஹெச் எவ்ளோ இருந்துச்சுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ரத்தத்துக்கு ஏழு புள்ளி மூணுக்கு மேல இருக்கணும் சார். ஏழுக்குக் கீழ போனா ரொம்ப மோசம். ரத்தம் அமிலமாயிடுச்சுன்னு அர்த்தம்."

எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுப் பாடம். தண்ணீர் வேறு, ரத்தம் வேறு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 15, புதன்

காலையில் உள்ளே விட்டார்கள். கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கை அளவு தலை, அதில் ஒட்டிய வயர்கள். மூக்கில் குழாய். உடம்பில் டயப்பர் தவிர ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் பிறந்த குழந்தையை எப்படிச் சுற்றி வைப்பார்கள்! ஃபேன் போட்டாலே சண்டைக்கு வருவார்கள். இவளை வேண்டுமென்றே குளிரில் போட்டிருக்கிறார்கள். பாதத்தைத் தொட்டேன். குளத்து மீனைத் தொட்டதுபோல் இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அதற்காக என்னையே திட்டிக்கொண்டு மறுபடி தொட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள். கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் மெல்ல அசைந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சிஸ்டர், பசிக்குது போல! வெளையாடறா பாருங்க!" என்று கூப்பிட்டேன். நர்ஸ் பிந்து திரும்பிப் பார்த்தாள், ஓடி வந்தாள். ஊசி, டாக்டர், திரை. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அது வலிப்பாம். இவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு வலிப்பு அப்படித்தான் வருமாம்.

நான் இனிமேல் எதையாவது பார்த்துச் சந்தோஷப்பட்டால் என்னை யாராவது அறைய வேண்டும்.

மதியம் டாக்டர் ரெஜினா உட்கார வைத்துப் பேசினார். உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை வைத்துத்தான் சக்தி எடுக்கிறது. அது கிடைக்காதபோது செல்கள் வேறு வழியில் சமாளிக்கப் பார்க்கும். அப்போது சேரும் கழிவுதான் லாக்டேட். எவ்வளவு நேரம், எவ்வளவு மோசமாக மூச்சு முட்டியது என்பதற்கு அது சாட்சி. "முதல் நம்பர மட்டும் பாத்து முடிவு பண்ண மாட்டோம். அது எவ்ளோ சீக்கிரம் இறங்குதுங்கறதுதான் எங்களுக்கு முக்கியம்."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ப்ளோயர் பழுதாகி நின்றது. தொட்டி பார்வைக்கு அப்படியேதான் இருந்தது, அதே நிறம், அதே நுரை. உள்ளே மூச்சில்லாமல் எல்லாம் புளித்துக்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை. நாற்றம் வந்தபோது பாதிக்கு மேல் செத்துவிட்டன. அப்போது மேனேஜரிடம் நான்தான் கத்தினேன், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு சார் என்று.

லாக்டேட் இன்று பதினொன்று. இறங்குகிறது.

நவம்பர் 16, வியாழன்

காலை: லாக்டேட் பன்னிரண்டு. ஏறியிருக்கிறது.

மாலை: மச்சான் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். கௌசல்யாவின் சீம்பால் நாலு சொட்டு, சின்ன ஊசிக்குழாயில். அதை டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்து, கீழ் அடுக்குகளில் ஐஸ்கட்டி நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டுக்குள் தடவுகிறார்கள், அவ்வளவுதான். "தடவிட்டாங்களா? வாயைத் தொறந்தாளா?" என்று பிந்துவிடம் கேட்டுக் கேட்டு அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டார்.

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க. கௌசி கேக்கறா, ஏண்ணா அத்தன நேரமாச்சுன்னு. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"தீபாவளி லீவு மச்சான். ஆம்புலன்ஸ் கெடைக்கல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டி ஆஸ்பத்திரி கேட்டுல வந்து நின்னுச்சுங்க. டிரைவர் பின்கதவத் தொறந்து வெச்சிட்டு நின்னான். நீங்கதான் நம்பர் நல்லா இருக்குது, எதுக்கு அத்தன தூரம் பச்சப்புள்ளயக் கொண்டுபோய்க் குளிர்ல போடோணும், இன்னொரு டாக்டரக் கேட்டுக்கலாம்னு போனப் புடிச்சிட்டு அங்கயும் இங்கயும் நடந்தீங்க. அந்த டாக்டரம்மா ரெண்டு மொற வந்து சத்தம் போட்டுட்டுப் போச்சு. நானும், படிச்சவரு சொல்றாரேன்னு கம்முனு நின்னுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்மேலயுந்தான் தப்பு."

டிபன் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. போனில் பார்த்தால் எந்த நேரத்தில் யாரைக் கூப்பிட்டேன் என்று தெரிந்துவிடும். சார்ஜ் கம்மியாக இருக்கிறது. பார்க்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

லாக்டேட் ஆறு. டாக்டர் ரெஜினா லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை வைத்தே மதியம் சாப்பிட்டேன்.

பிற்பகலில் மூன்று நாள் முடிந்தது. மெத்தையின் குளிரை நிறுத்தி, மணிக்கு அரை டிகிரியாக உடம்பைச் சூடேற்றுகிறார்கள். அவசரப்பட்டால் மறுபடி வலிப்பு வரலாமாம். பக்கத்துக் கட்டில் குழந்தையின் அப்பா ஒரு லாரி டிரைவர், பொள்ளாச்சிக்காரர். "உங்குளுது என்னாச்சுங்க?" என்றார். "பொறக்கறப்ப மூச்சு இல்லீங்க" என்றேன். "நேரத்துல கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

"கொண்டாந்துட்டமுங்க" என்றேன்.

நவம்பர் 18, சனி

கௌசல்யா வந்துவிட்டாள். தையல் பிரிக்கவில்லை. திருப்பூர் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்லியும் கேட்காமல் அண்ணனோடு காரில் வந்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். உள்ளே போனதும் நான் காட்டாமலே சரியான தொட்டிலுக்குப் போய் நின்றாள். குழந்தையின் உடம்பு இப்போது சூடாக இருக்கிறது. பாதத்தில் வாயை வைத்து ரொம்ப நேரம் நின்றாள். நான் அந்த நேரத்தில் கை கழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்துவிட்டதைச் சொல்லப் போயிருந்தேன்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "ஏனுங்க, அன்னைக்கு எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?"

"வண்டி வந்ததும் கெளம்பிட்டோம் அம்மிணி. தீபாவளி பாரு, வண்டி வர லேட்டாயிருச்சு."

"அப்படீங்களா" என்றாள். பால் பிழிய வேண்டும், ஒரு மறைவான இடம் பாருங்கள் என்றாள். பார்த்துக் கொடுத்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

லாக்டேட் இரண்டு. இது எல்லாக் குழந்தைக்கும் இருப்பதுதானாம். போனை எடுத்து, அன்றைக்கு வண்டியை எவ்வளவு நேரம் நிற்க வைத்தேன் என்று பார்த்துவிட்டேன். ஒரு மணி இருபது நிமிஷம்.

நவம்பர் 20, திங்கள்

அழுதாள்! மெஷின் குழாயை எடுத்ததும் ஒரு கீச்சுக்குரல், பூனைக்குட்டியைவிட மெலிதாக. பிந்து கதவைத் திறந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். கௌசல்யா தையலை மறந்து எழுந்து, வலியில் "ஐயோ" என்று கத்தி, கத்திக்கொண்டே உள்ளே போனாள். மச்சான் எனக்கு நேராகக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எதற்கு?

சப்புகிறாள். இந்த முறை நிஜமாகவே பசி. இருந்தாலும் உதடு அசையும்போதெல்லாம் நான் பிந்துவின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவள் ஓடி வரவில்லை என்றால்தான் மூச்சு விடுகிறேன்.

முன்பு, செத்துவிடுவாளோ என்று பயந்தேன். இப்போது வேறு பயம். எழுந்து உட்காருவாளா, அப்பா என்பாளா, பள்ளிக்கூடம் போவாளா? இது முந்தைய பயத்தைவிடப் பெரியது. இதற்கு முடிவு நாள் கிடையாது.

நவம்பர் 22, புதன்

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ரெஜினா எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில் அக்ரூட் பருப்புபோல் அவள் மூளை. அதற்குள் இரண்டு பக்கமும் லேசான வெள்ளைப் பூச்சு.

"பெரிய பாதிப்பு இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. கை கால் அசைவுக்கான இடத்துக்குப் பக்கத்துல லேசா தெரியுது. நிறைய குழந்தைங்க இதோட நல்லாவே வளருது. சில குழந்தைங்களுக்குக் கஷ்டம் வரும். மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம்னு பாத்துட்டே வரணும். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"ரத்தத்துல பாத்து, ஸ்கேன்ல பாத்து, இன்னுமா சொல்ல முடியலீங்க?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"நம்பர் எல்லாம் நடந்து முடிஞ்சதத்தான் சொல்லும் சார். நடக்கப் போறத இவதான் சொல்லணும்."

கௌசல்யா படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு கேட்டாள். "டாக்டர், இன்னுங் கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தா?"

திருப்பூரிலிருந்து எந்த நேரத்தில் அனுப்பச் சொன்னார்கள், எந்த நேரத்தில் வந்து சேர்ந்தோம் என்பதெல்லாம் டாக்டர் ரெஜினாவுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கௌசல்யாவை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லதுன்னு பொதுவாச் சொல்லுவோம்மா. ஆனா இந்தக் குழந்தைக்கு அது எவ்ளோ வித்தியாசம் பண்ணியிருக்கும்னு எனக்குத் தெரியாது. பண்ணாமலும் இருந்திருக்கலாம். இதுல எத்தன பங்கு வயித்துக்குள்ளயே நடந்தது, எத்தன பங்கு அப்புறம் நடந்ததுன்னு பிரிச்சுச் சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது."

தெரியாது. வாழ்நாள் முழுக்கத் தெரியாது. அவள் நடந்தாலும் தெரியாது, நடக்காவிட்டாலும் தெரியாது. கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது கௌசல்யா கைக்குட்டையை நீட்டினாள். கண்ணில் தூசி என்றேன்.

நவம்பர் 25, சனி

வீட்டுக்குக் கிளம்பினோம். மச்சான் கார் ஓட்டினார். நானும் கௌசல்யாவும் பின்னால். குழந்தை அவள் மடியில், மஞ்சள் துண்டில் மூக்கு மட்டும் தெரிய.

அவினாசிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் மச்சான் வண்டியை நிறுத்தினார். "இருங்க, வாங்கியாறேன்" என்று இறங்கிப் போனார். காருக்குள் நாங்கள் மூவரும்தான்.

இப்போது சொல்லாவிட்டால் வீட்டு வாசற்படி ஏறிய பிறகு சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது. சொன்னேன். முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வண்டி வந்து நின்றது, நம்பரை நான் தப்பாகப் புரிந்துகொண்டது, போனைப் பிடித்துக்கொண்டு நடந்தது, ஒரு மணி இருபது நிமிஷம். ஒன்றையும் விடவில்லை.

அவள் குழந்தையின் துண்டை இழுத்துவிட்டாள்.

"தெரியுமுங்க. அண்ணன் பாலக் குடுத்துட்டுத் திரும்பி வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் எங்கிட்டக் கேட்டே?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான்."

டீக்கடையில் மச்சான் சர்க்கரை கம்மியாக என்று சொல்லிக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது. "கோவம் இல்லியா அம்மிணி?" என்றேன்.

"இல்லாம இருக்குமுங்களா? நெறைய இருக்குது." மடியில் கிடந்தவளைக் குனிந்து பார்த்தாள். "அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கறேன். இவ நிக்கோணும், நடக்கோணும், பேசோணும். அது வரைக்கும் எனக்குக் கோவப்பட எங்கீங்க நேரம்? எந்நேரமும் பயமாவே இருக்குது. இத்தன நாளா நீங்க தீபாவளி, லீவுன்னு என்னமோ சொல்லிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனீங்க. நானொருத்தியே ஒக்காந்து பயந்துட்டு இருந்தேன்."

குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். தலைக்கு அடியில் என் கையை எடுத்து அவளே வைத்தாள்.

"இனிமே கூட இருந்து பயப்படுங்க" என்றாள்.

மச்சான் டீ கொண்டுவந்தார். என் இரண்டு கையிலும் குழந்தை இருந்ததால் டம்ளரைக் கௌசல்யா வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து வீடு வரைக்கும் இரண்டு பேரும் அந்தத் துண்டு மேலேறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.